கையை வெட்டினால் களவு ஒழியுமா?

கேள்வி: சுரங்கத்தில் செம்புக் கம்பி திருடுகிறவர்கள் ஜாமீனில் வந்து மறுபடியும் திருடுகிறார்கள். அரபு நாட்டைப் போலக் கையை வெட்டினால் என்ன?
– வாசகர், நெய்வேலி

பதில்: நீங்கள் கேட்கும் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருடியவரின் கையை வெட்டச் சொல்வது குர்ஆனின் 5:38ஆம் வசனம்; அடுத்த வசனமே மனந்திருந்துகிறவரைப் பற்றிப் பேசுகிறது. சட்ட அறிஞர்கள் அதற்குக் கடுமையான நிபந்தனைகள் விதித்தார்கள். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி சட்டப்படி, திருடிய பொருள் 10 திர்ஹம் வெள்ளி நாணயமாவது பெறவேண்டும். பூட்டிலோ காவலிலோ இருந்திருக்க வேண்டும். பொதுக் கருவூலத்தில் திருடியவனுக்குக் கைவெட்டே கிடையாது. அதில் அவனுக்கும் பங்கு உண்டு என்பது வாதம். அந்த வாதத்தை நீட்டினால், பொதுத்துறைச் சுரங்கத்தின் கம்பித் திருடனுக்கும் அது பொருந்தும்!

இந்தியாவிலும் இந்தத் தண்டனை சட்டத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளக் குற்ற நீதிமன்றங்கள் இஸ்லாமியச் சட்டப்படியே நடந்தன. 1791இல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அந்தத் தண்டனையை மாற்றினார்: இரண்டு உறுப்புகளை வெட்டுவதற்குப் பதில் 14 ஆண்டு கடுங்காவல், ஒன்றுக்கு 7 ஆண்டு. அதே காலத்து இங்கிலாந்தில் திருட்டுக்குத் தூக்கே உண்டு. அங்கே களவு நிற்கவில்லை. பயம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்; அதைத் தருவது பிடிபடுவோம் என்ற நிச்சயம். அடித்து ஒப்புதல் வாங்கும் வழக்கம் இன்னும் ஒழியாத நாட்டில், தவறாகச் சிறைப்பட்டவரை மேல்முறையீட்டில் விடுவிக்கலாம். வெட்டிய கையை யார் ஒட்டவைப்பார்? தெரிந்தே திருட்டுப் பொருள் வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம்தான். கம்பியை உருக்கி விற்கும் வியாபாரியை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள்.