சங்கப் பொறுப்பேற்ற இளம் தாதிக்கு

அன்புத் தங்கைக்கு,

கிளைக் கூட்டத்தில் உன்னைச் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுத்த செய்தி மெர்லிமாவ் வரைக்கும் வந்துவிட்டது. மனம் நிறைந்த வாழ்த்து. எனக்கு மேடையில் பேச வராதே என்று அம்மாவிடம் கவலைப்பட்டாயாம். அதை விடு. இந்த வேலையின் கனமான பாகம் மேடையில் இல்லை. விளக்கம் கேட்டு வந்த கடிதத்தைக் கையில் வைத்து அழும் ஒரு தாதியின் பக்கத்தில் உட்கார்வதில் இருக்கிறது.

மருந்தின் அளவு மாறிப் போயிருக்கும்; அல்லது நோயாளி கட்டிலிலிருந்து விழுந்திருப்பார். முதலில் தண்ணீர் கொடு, பேசவிடு. பிறகு என்ன கடிதம், எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று பார். துறைத் தலைவர் விளக்கம் கேட்பது வேறு, ஒழுங்கு நடவடிக்கை வாரியம் குற்றம் சாட்டுவது வேறு. பின்னதற்கு, அரசு ஊழியருக்கான 1993-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி 21 நாளுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் சும்மா இருந்துவிட்டால் காரியம் கெட்டது. தனியார் மருத்துவமனையில் வேலை நீக்கப்பட்ட ஒருத்தி உன்னிடம் வழி கேட்டால், 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் 60 நாளுக்குள் மனு கொடுக்கச் சொல்.

பதிலில் எதையும் மறைக்காதே. தவறு நடந்திருந்தால் நடந்தது என்றே அவள் எழுதட்டும். நம் வேலையில் பொய் அடுத்த நோயாளியின் உயிரில் போய் முடியும். ஆனால் பாதி உண்மையோடு நிறுத்திவிடாதே. அன்றிரவு வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை தாதிகள்? யார் மருத்துவ விடுப்பில் இருந்தார், அவருக்குப் பதிலாக ஆள் வந்ததா? முதல் நாள் மதிய ஷிப்ட் முடித்தவள் மறுநாள் காலை ஷிப்டுக்கே திரும்பினாளா? ரோஸ்டரைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு எழுது. நோயாளியின் பெயரும் கேஸ் விவரமும் மட்டும் வாட்ஸ்அப்பில் ஏறவே கூடாது.

இப்படிச் சேரும் கணக்குதான் பெரிய கோரிக்கைக்கும் பலம். 2024 டிசம்பர் 1 முதல் வார்டுத் தாதியரின் வேலையை வாரம் 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் ஏற்பாடு வந்தபோது மலாயா தாதியர் சங்கம் எதிர்த்தது. சுகாதார அமைச்சு அன்று அமலாக்கத்தைத் தள்ளிவைத்தது. மூன்று மணி நேரம்தானே என்று யாராவது கேட்டால் பெருக்கிக் காட்டு: ஆண்டுக்கு 156 மணி, ஏழு மணி நேர ஷிப்டாக வைத்தால் 22 ஷிப்ட். களைத்த கை தவறு செய்யும் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதை நிரூபிக்க ரோஸ்டர் வேண்டும்.

நீ தோட்டத்துப் பிள்ளை. நம் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகான் தோட்டத்து மக்கள் 1967-இல் வேலைநிறுத்தம் செய்து கோலாலம்பூருக்கு நடந்தே கிளம்பியவர்கள். அவர்களுக்குத் துணிவில் குறையில்லை. ஆனால் ஆபீசில் தனியாக நிற்கும்போது கிராணி செக்ரோல் பதிவேட்டில் எழுதியதுதான் கணக்கு. எதிர்க்கணக்கு எழுத எழுத்தறிவு பலருக்குக் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்திருக்கிறது. சார்ட் எழுதும் தாதிக்கு, பார்த்ததைப் பார்த்த நேரத்தோடு எழுதும் பழக்கம் கையிலேயே இருக்கிறது. அதைச் சக தாதிக்காகவும் செய் என்பதே நான் சொல்ல வந்தது.

'நம்ம பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கோ' என்று ஊரில் சிலர் சொல்வார்கள். கேட்காதே. சந்தா கட்டுகிற மலாய்க்காரியும் சீனத்தியும் உன் பொறுப்பு. உன்னோடு முகம் கொடுத்துப் பேசாதவளும் உன் பொறுப்பு. ஜெயித்துத் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே; கடைசி வரை கூட இருப்பேன் என்று சொல், சொன்னபடி இரு.

சங்கத்தின் சட்டவிதிகளையும் 1993 விதிகளையும் மலாயிலேயே ஒருமுறை முழுதாகப் படித்துவிடு. முதல் குற்றச்சாட்டுக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாது. வருகிற நாளில் 21 நாள் ஓடத் தொடங்கிவிடும்.

அன்புடன்,
அக்கா
மெர்லிமாவ்