டிரைவர் தூங்கியதோடு வழக்கு முடிந்துவிடுமா?

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்றிருக்கும் லாரியின் பின்னால் இன்னொரு லாரி மோதும். மறுநாள் செய்தியில் ‘டிரைவர் கண் அயர்ந்ததே விபத்துக்குக் காரணம்’ என்று ஒரு வரி வரும். டீக்கடையிலிருந்து நீதிமன்ற வராந்தா வரை எல்லோரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். “டிரைவர் தூங்கிட்டான், ஓனர் என்ன பண்ணுவார்? நம்ம நாட்டுல இதுக்கெல்லாம் சட்டமா இருக்கு?” மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் எனக்கு இந்தப் பேச்சு காதில் விழாத வாரம் இல்லை. படித்தவர்கள் சொல்கிறார்கள், லாரி உரிமையாளர்கள் சொல்கிறார்கள், சில சமயம் வழக்கை விசாரிக்கும் அதிகாரியே சொல்கிறார். இது அப்பட்டமான பொய்.

சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று பெயர். அது வகுத்த கணக்கு இது: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொலைதூர ஓட்டம் என்றால் அனுமதி பெற்று நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரம் வரை போகலாம். 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு கட்டாயம். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் சேர்ந்தாற்போல் 9 மணி நேர ஓய்வு வேண்டும். இடைவேளைகளைச் சேர்த்தாலும் வேலைநாள் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்தச் சட்டத்தை 2020-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு உள்வாங்கிக்கொண்ட பிறகும் 8 மணி நேரம் என்ற அடிப்படை மாறவில்லை.

உடனே அடுத்த வாதம் வரும்: “அதெல்லாம் அஞ்சு தொழிலாளிக்கு மேல வச்சிருக்கிற கம்பெனிக்கு. எனக்கு இருக்கிறது ரெண்டு லாரி.” 1961 சட்டத்தின் வரம்பு ஐந்து தொழிலாளர்களில் தொடங்கியது உண்மைதான். ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 91-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. போக்குவரத்து வாகனத்தை இயக்கும் எவருக்கும் 1961 சட்டம் சொன்ன வேலை நேரமே வேலை நேரம் என்கிறது அது. ஐந்து என்ற எண்ணை அந்தப் பிரிவில் எவ்வளவு தேடினாலும் காண முடியாது. இரண்டு லாரி வைத்திருப்பவருக்கும் ஒரே லாரி வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும் என்பதே என் வாதம்.

இதைவிடக் கூர்மையானது அதே சட்டத்தின் 183-ஆம் பிரிவு. அதிவேகத்துக்கான தண்டனைப் பிரிவு என்றுதான் எல்லோரும் அதை அறிவார்கள். முழுக்கப் படித்தவர்கள் குறைவு. வேக வரம்பை மீறி ஓட்டியவரை மட்டுமல்ல, தன் ஊழியரை அப்படி ஓட்டவைத்தவரையும் அது தண்டிக்கிறது. இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் உத்தரவு போடுகிறார். வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போகவே முடியாது என்று நீதிமன்றம் கருதுகிறது என்றால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நோக்குச் சான்றாகிவிடும். சங்ககிரியில் லோடு ஏற்றிவிட்டு, “நாளைக்கு விடியறதுக்குள்ள வண்டி குடோன்ல நிக்கணும்” என்று போனில் சொல்கிறார்களே, சட்டம் சொல்வது அந்த வாக்கியத்தைத்தான். ஆபத்தாக ஓட்டத் தூண்டியவருக்கும் ஓட்டியவருக்குரிய தண்டனையே என்று 188-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. இத்தனையும் புத்தகத்தில் இருக்க, ‘ஓனர் என்ன பண்ணுவார்’ என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டும்.

பிறகு ஏன் ஓட்டுநர் மட்டும் கூண்டில் நிற்கிறார்? எங்கள் வழக்குக் கட்டுகளைப் பிரித்தால் தெரியும். முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வாசகம் எந்த ஊர்க் காவல் நிலையமானாலும் மாறாமல் இருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் தன் அறிக்கையில் ‘இயந்திரக் கோளாறு காரணமல்ல’ என்று எழுதிவிடுவார். சம்பவ இட வரைபடத்தில் பிரேக் பிடித்த தடமே இருக்காது. கண் விழித்திருப்பவர் எதிரே நிற்கும் வண்டியைக் கண்டால் கடைசி நொடியிலாவது பிரேக்கை மிதிப்பார். தடம் இல்லை என்றால் தூக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்; சந்தேகித்தால் அந்த ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார், யார் சொல்லி ஓட்டினார் என்று விசாரிக்க வேண்டும். அந்த விசாரணை நடப்பதில்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். 2022-இல் நாடு முழுதும் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடுதான் முதலிடம். விதிமீறல் பட்டியலில் அதிவேகம், குடிபோதை, தவறான பக்கம் வருவது, சிக்னலை மீறுவது, செல்போன் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. களைப்புக்கு இடமில்லை. சாவுகளில் பத்துக்கு ஏழு அதிவேகத்தின் கணக்கில் போகிறது. அதற்குள் எத்தனை தூக்கம் புதைந்திருக்கிறதோ!

இழப்பீட்டு நீதிமன்றத்தில் ஊழியரின் கவனக்குறைவுக்கு உரிமையாளரும் பொறுப்பு. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும். உரிமையாளருக்குப் பெரும்பாலும் வலிக்காது. குற்றவியல் நீதிமன்றத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை, அது ஓட்டுநருக்கு மட்டும். அந்த ஓட்டுநரும் மோதலில் இறந்துவிட்டால் வழக்கு அற்றுப்போகும். டிரிப்புக்கு நேரம் குறித்தவரின் பெயர் ஒரு தாளிலும் இருக்காது.

“நல்ல டிரைவரா இருந்தா தூக்கத்தை அடக்கிக்குவான்” என்பதும் இதே பொய்யின் கிளைதான். ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு எழுந்தவர் லோடு ஏற்றும் இடத்தில் பகல் முழுக்க வரிசையில் காத்திருக்கிறார். மாலையில் லோடு ஏறுகிறது, தார்ப்பாய் கட்டுகிறார், இரவு 9 மணிக்கு வண்டியை எடுக்கிறார். 11 மணிக்கு அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குச் சரிகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம். ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அவர் வரம்பைத் தாண்டிவிட்டார். மூன்று மணிக்கு அது 21 மணி நேர விழிப்பு. உடல் தானாகவே தூக்கத்தைக் கேட்கும் 2 மணி முதல் 6 மணி வரையிலான பொழுது வேறு. 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி கண் மூடினால் வண்டி ஏறக்குறைய 67 மீட்டர் ஓடியிருக்கும். இதில் அனுபவத்துக்கு வேலையே இல்லை. இருபது வருஷ அனுபவம் கியர் மாற்றக் கற்றுத்தரும். மூளை அணைவதைத் தடுக்காது.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக நேரம் வேண்டாம். பீடி, பாட்டு, முகத்தில் தண்ணீர், ஜன்னல் காற்று, இவை எல்லாம் சில நிமிஷங்களுக்கு மேல் தாங்காது. டீயோ காபியோ ஓரளவு உதவும். ஆனால் வேலைசெய்ய அரை மணி பிடிக்கும். குடித்துவிட்டு அந்த அரை மணியை ஓரமாக நிறுத்தித் தூங்குவதுதான் முறை. அதுவும் அடுத்த தங்குமிடம் வரை போக மட்டுமே. “இ-வே பில் முடிஞ்சுடும், அதான் விரட்டுறோம்” என்பதும் சாக்கு. சரக்கோடு போகும் அந்த மின்னணு வரிச் சீட்டுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அவகாசம் உண்டு. போதாவிட்டால் நீட்டிக்கவும் முடியும். இரவில் சாலை காலியாக இருப்பதால் ஆபத்து குறைவு என்பவர்களுக்கு மேலே சொன்ன நேரக் கணக்கே பதில்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். வண்டியில் பொருத்திய டேக்கோகிராஃப் கருவி அதைப் பதிவுசெய்கிறது. மீறினால் நிறுவனமும் மாட்டும். பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் தூரத்தைக் கணக்கிட்டுக் கூலி கொடுப்பதே அங்கே தடை. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் சரக்கு அனுப்பியவர், பெற்றவர், நேரம் குறித்தவர் அனைவரும் பொறுப்புச் சங்கிலியில் வருகிறார்கள். இங்கே டிரிப் கணக்கில்தான் படி. நின்றால் காசில்லை. தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் என்றிருந்த விதியையும் 2018-இல் தளர்த்திவிட்டார்கள். 2020-இல் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆய்வில், களைத்தோ தூக்கம் வந்தோ இருக்கும்போதும் வண்டி ஓட்டுவதாக ஏறக்குறைய பாதி ஓட்டுநர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் விரும்பியா ஓட்டினார்கள்?

டேக்கோகிராஃப் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஃபாஸ்டேக் இருக்கிறது. எந்த லாரி எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்ற பதிவு நொடி சுத்தமாக இருக்கிறது. 2021 முதல் அதை இ-வே பில்லோடு இணைத்தும் விட்டார்கள். வரி ஏய்ப்பைப் பிடிக்க அரசுக்கு அந்தப் பதிவு பயன்படுகிறது. மனிதர் செத்தால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. 2022 ஏப்ரல் முதல் ஒவ்வொரு விபத்துக்கும் காவல் துறை 90 நாளுக்குள் விரிவான அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். லாரி சம்பந்தப்பட்ட ஒவ்வொரு உயிரிழப்பிலும் முந்தைய 48 மணி நேரச் சுங்கச்சாவடிப் பதிவையும் ஓட்டுநரின் கைபேசிக்கு வந்த அழைப்புப் பட்டியலையும் அந்த அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி அரசு ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். இதை நான் பேசாத மேடையில்லை, இனியும் பேசுவேன்.

விபத்தில் உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 90 நாள் முடிவதற்குள் விசாரணை அதிகாரிக்கு எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். சுங்கச்சாவடிப் பதிவைக் கைப்பற்றச் சொல்லுங்கள், 183, 188 பிரிவுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், மனு பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். இறந்தது ஓட்டுநரே என்றாலும் அவர் குடும்பம் கைகட்டி நிற்க வேண்டாம். தவறு அவர் பக்கம் என்று எழுதியிருந்தாலும், 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் தந்த, இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கும் இழப்பீட்டு உரிமை அவர்களுக்கு உண்டு.