ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

இந்த மாதப் பாடம்: கைக்கு வந்ததையெல்லாம் செலவழிக்கும் உறவினருக்கு நாம் தொடர்ந்து பணம் கொடுக்கலாமா?



குழுவில் கடன் கேட்கும்போது "எதுக்கு?" என்று ஊக்குநர் கேட்பார். மாடு வாங்க, பிள்ளை படிப்புக்கு, ஆஸ்பத்திரி செலவுக்கு என்று சொல்வோம். தீர்மானப் புத்தகத்திலும் அப்படியே எழுதுவோம். ஆனால் சில கடன்கள் புத்தகத்தில் மாடாக இருக்கும். நிஜத்தில் அந்தப் பணம் தம்பி கைக்கோ, அண்ணன் கைக்கோ, கொழுந்தனார் கைக்கோ போயிருக்கும். மூன்று மாதம் தவணை ஒழுங்காக வரும். நாலாவது மாதம் அந்த உறுப்பினர் கூட்டத்துக்கே வர மாட்டார். இது பல குழுக்களில் நடப்பதுதான். வெளியில் பேசத்தான் கூச்சம். இந்த மாதம் வெளிப்படையாகப் பேசுவோம்.

ஏன் கொடுக்கிறோம்?

நாம் ஏமாளிகள் என்பதால் கொடுக்கவில்லை. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது ஒரு பிடிமானம். புகுந்த வீட்டில் ஒரு சண்டை என்றால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். பிள்ளைக்குக் காது குத்து, பெண்ணுக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டும். "இன்னைக்கு இல்லைன்னு சொல்லிட்டா, நாளைக்கு என் வாசப்படி மிதிப்பானா?" என்ற பயம்தான் நம் கையைத் திறக்க வைக்கிறது.

அந்தப் பயத்துக்காக நாம் ஏற்கெனவே நிறையக் கொடுத்திருக்கிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 ஆம் ஆண்டு வந்த திருத்தத்தின்படி, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. ஆனாலும் "அண்ணன் தம்பி உறவு போதும்" என்று பங்கு கேட்காமல் விட்டுக்கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதுவும் ஓர் உதவிதான். பெரிய உதவி. ஆகவே ஒரு முறை "முடியாது" என்று சொன்னால் நாம் கல்நெஞ்சக்காரி ஆகிவிட மாட்டோம்.

கஷ்டமா, பழக்கமா?

கேட்கிறவர் எல்லோரும் ஊதாரிகள் இல்லை. மழை பொய்த்து விளைச்சல் போனவர், விபத்தில் கால் ஒடிந்தவர், கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் எல்லாம் கஷ்டத்தில் இருக்கிறவர்கள். அவர்களுக்கு உதவாமல் வேறு யாருக்கு உதவுவது? சம்பளம் வந்த அன்றே டாஸ்மாக்குக்குப் போகிறவர், சீட்டாட்டத்திலோ ஆன்லைன் ரம்மியிலோ பணத்தைத் தொலைக்கிறவர், தவணையில் பைக்கும் போனும் மாற்றிக்கொண்டே இருக்கிறவர், கடன் வாங்கி ஊர் மெச்ச விருந்து வைக்கிறவர் ஆகியோர் வேறு. இருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "ரொம்பக் கஷ்டம்."

வித்தியாசம் தெரிந்துகொள்ள நான்கு கேள்விகள்:

1. போன தடவை கொடுத்த பணம் எங்கே போனது? கேட்ட காரியத்துக்கே போனதா?

2. இந்தச் செலவு திடீரென்று வந்ததா? பள்ளிக் கட்டணம், தீபாவளி எல்லாம் ஒவ்வோர் ஆண்டும் வருவதுதானே!

3. அவர் தன் பங்குக்கு என்ன செய்தார்? எதையாவது விற்றாரா, எந்தச் செலவையாவது குறைத்தாரா?

4. நான் இதைக் கொடுத்தால் என் வீட்டில் எது நின்றுபோகும்?

முதல் மூன்று கேள்விக்கும் நல்ல பதில் வந்தால், முடிந்த அளவு உதவுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அது கஷ்டம் இல்லை; பழக்கம். பழக்கத்துக்குப் பணம் கொடுத்தால் பழக்கம்தான் வளரும். ஒவ்வொரு தடவையும் கடன்காரர் வாசலுக்கு வரும்போது அக்கா வந்து தீர்த்துவிடுவாள் என்று தெரிந்தால், அவர் ஏன் மாற வேண்டும்? நாலாவது கேள்விக்கு நம் பிள்ளையின் படிப்போ, நம் வீட்டுச் சாப்பாடோ பதிலாக வந்தால், கேட்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் யோசித்தே ஆக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் அக்கா தம்பிக்காகக் குழுவில் 30,000 ரூபாய் உள்கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய். 12 தவணை. மாதம் அசல் 2,500 ரூபாய். முதல் மாத வட்டி 300, அடுத்த மாதம் 275 என்று குறைந்துகொண்டே வரும். 12 மாதத்துக்கும் மொத்த வட்டி 1,950 ரூபாய்தான்.

மூன்று மாதம் தம்பி கட்டுகிறார். பிறகு நிறுத்திவிடுகிறார். மீதி அசல் 22,500 ரூபாய். குழுவில் சொல்ல அக்காவுக்கு வெட்கம். யாருக்கும் தெரியாமல் வெளியில் 5 ரூபாய் வட்டிக்கு 22,500 ரூபாய் வாங்கிக் குழுக் கடனை அடைத்துவிடுகிறார். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

இப்போது கவனியுங்கள். 22,500 ரூபாய்க்கு 5 வட்டி என்றால் மாதம் 1,125 ரூபாய். குழுவிலேயே இருந்திருந்தால் மீதி 9 மாதத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய வட்டி எவ்வளவு தெரியுமா? அதே 1,125 ரூபாய்! குழுவில் ஒன்பது மாதத்துக்கான வட்டியை வெளியில் ஒரே மாதத்தில் கட்டுகிறார். ஓராண்டு கட்டினால் 13,500 ரூபாய் வட்டியாகவே போகும். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

தம்பியின் கடன் தீரவில்லை, அக்கா வீட்டுக்கு மாறி வந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

கையெழுத்து யாருடையதோ, கடன் அவருடையது

"நீ சும்மா கையெழுத்துப் போடு, நான் கட்டிக்கிறேன்" என்று சொல்வார்கள். சும்மா கையெழுத்து என்று ஒன்று கிடையாது.

ஜாமீன் கையெழுத்து: 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு.

காசோலை: நம் கணக்குக் காசோலையில் கையெழுத்துப் போட்டு, தொகை எழுதாமல் கொடுக்கவே கூடாது. கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால், காசோலைச் சட்டத்தின் 138 ஆவது பிரிவில் வழக்கு வரும். 2 ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மைக்ரோ பைனான்ஸ் கடன்: நம் பெயரில் எடுத்தால் நம் பெயரில்தான் பதிவாகும். 2022 இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு இந்தக் கடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பம் கட்டும் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டு வருமானம் 16,000 ரூபாய் என்றால் தவணைக்கு எல்லை 8,000. அதில் தம்பிக்காக 3,000 போய்விட்டால், நாளை நம் மகள் படிப்புக்குக் கேட்கும்போது அந்த இடம் காலியாக இருக்காது.

இரவல் நகை: "ரெண்டு மாசத்துல மீட்டுத் தரேன்" என்று தோட்டையும் சங்கிலியையும் வாங்கிப் போவார்கள். அடகு ரசீது அவர் பெயரில் இருக்கும். ஏல நோட்டீசும் அவருக்குத்தான் வரும். நகை மட்டும் நம்முடையது.

குழுப் பணத்துக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அது பதினைந்து, இருபது பெண்கள் வாராவாரம் சேர்த்த பணம். நம் கைப்பணத்தை யாருக்கும் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. அடுத்தவர் சேமிப்பை எடுத்துத் தம்பிக்குத் தானம் செய்ய உரிமை இல்லை. தவணை தவறினால் வங்கியில் குழுவின் பெயர் கெடும். அடுத்த கடனுக்குக் காத்திருக்கும் சகோதரி நின்றுபோவார்.

உதவியை நிறுத்த வேண்டாம், வழியை மாற்றுவோம்

"அப்போ அவன் புள்ளைங்க பட்டினி கிடக்கட்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். பணத்தை அவர் கையில் கொடுப்பது ஒன்று, அந்தக் குடும்பத்துக்கு உதவுவது வேறொன்று.

* பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளிக்கே போய்க் கட்டி ரசீது வாங்குங்கள்.

* சாப்பாட்டுக்கு என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக் கொடுங்கள்.

* அம்மாவுக்கு மருந்துச் செலவு என்றால் மாத்திரையாக வாங்கிக் கொடுங்கள். அம்மா கையில் காலையில் கொடுத்த பணம் சாயங்காலத்துக்குள் தம்பி கைக்குப் போய்விடும் வீடுகள் உண்டு.

* பெரிய ஆஸ்பத்திரி செலவு என்றால், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் அந்தச் சிகிச்சை வருமா என்று முதலில் விசாரியுங்கள்.

* தம்பி மனைவியை அவர் ஊர்க் குழுவில் சேரச் சொல்லுங்கள். முதல் சில மாதச் சந்தாவை நீங்கள் கொடுத்தாலும் தப்பில்லை. அந்த வீட்டில் சேமிக்கும் கை ஒன்று உருவாக வேண்டும்.

* குடியோ போதைப் பழக்கமோ என்றால் அது நோய். அரசு மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சிகிச்சைக்குக் கூட்டிப் போகும் பஸ் செலவு, கடனை அடைக்கும் பணத்தைவிடப் பெரிய உதவி.

கைமாத்தாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஓர் எல்லை வையுங்கள். திரும்பி வராவிட்டாலும் நம் வீடு ஆடாத தொகை எதுவோ, அதுதான் எல்லை. கணவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்த பணம் வீட்டுக்குள் வேறு சண்டையைக் கொண்டுவரும். கடன் வாங்கிக் கடன் கொடுக்காதீர்கள்.

எப்படிச் சொல்வது?

பலருக்கும் கஷ்டம் இங்கேதான். கூட்டத்தில் இரண்டு பேர் அக்கா, தம்பியாக நடித்துப் பாருங்கள்.

தம்பி: "அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் குழுவுல எடுத்துக் குடு. மாசாமாசம் நானே கட்டிடுறேன்."

அக்கா: "குழுப் பணம் என் பணம் இல்லடா. எல்லாரும் சேர்த்தது. சொந்த வீட்டுச் செலவுக்குத்தான் எடுக்கணும்னு தீர்மானம் போட்டிருக்கோம்."

தம்பி: "அப்போ உன் தோட்டையாவது குடு."

அக்கா: "நகையும் தர மாட்டேன். பாப்பா பீஸ் எவ்வளவுன்னு கேட்டுட்டு வா. இந்த டேர்முக்கு நானே வந்து கட்டிடுறேன்."

தம்பி: "கூடப் பொறந்தவளே இப்படிச் சொன்னா நான் எங்க போவேன்?"

அக்கா: "எங்கயும் போக வேணாம். எப்ப வேணாலும் இங்க சாப்பிட வா. உன் கடன் எவ்வளவுன்னு எழுதிட்டு வா, உக்காந்து கணக்குப் பாக்கலாம். கடன் வாங்கி மட்டும் குடுக்க மாட்டேன்."

பாருங்கள், அக்கா திட்டவில்லை. பழைய கதையை இழுக்கவில்லை. "காசே இல்லை" என்று பொய்யும் சொல்லவில்லை. பொய் சொன்னால் அடுத்த மாதம் காசைப் பார்த்ததும் மறுபடி கேட்பார். எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று ஒரே மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். நாலு நாள் பேசாமல் இருப்பார். பரவாயில்லை. கொடுத்த கடனைக் கேட்கப் போய் முறிந்த உறவு ஒட்டுவது கடினம். கொடுக்காததால் வந்த கோபம் ஒரு பண்டிகைக்குள் தணிந்துவிடும். அப்படியும் மிரட்டினால், கை ஓங்கினால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

ஏற்கெனவே எடுத்துக் கொடுத்துவிட்டவர்களுக்கு

மறைக்காதீர்கள். வெளி வட்டிக்குப் போகாதீர்கள். குழுவில் உண்மையைச் சொல்லித் தவணையை நீட்டிக்கக் கேளுங்கள். மேலே பார்த்த 1,125 ரூபாய்க் கணக்கை நினைவில் வையுங்கள். தம்பியையும் கூட்டி வைத்து, மாதம் எவ்வளவு தருவார் என்று எழுதி வாங்குங்கள்.

மற்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உண்மையைச் சொன்ன சகோதரியைக் கூட்டத்தில் வைத்துக் குத்திப் பேசாதீர்கள். இன்று அவரை அவமானப்படுத்தினால், நாளை இன்னொருவர் வாயைத் திறக்காமல் கந்து வட்டிக்காரர் வாசலுக்குப் போவார்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் இப்போது உள்ள கடன்களில் எத்தனை, எழுதிய காரியத்துக்கே பயன்பட்டிருக்கின்றன? கடன் கொடுத்த ஒரு மாதத்துக்குள் இருவர் போய்ப் பார்த்து வர ஏற்பாடு செய்யலாமா?

2. "சொந்தக் குடும்பத் தேவைக்கு மட்டுமே கடன்" என்று தீர்மானம் எழுதலாமா? தனியாளாகச் சொல்ல முடியாத "இல்லை"யை, தீர்மானத்தைக் காட்டி எளிதாகச் சொல்லலாம்.

3. உறவினருக்காக ஜாமீன் போட்டவர்கள், நகை கொடுத்தவர்கள் நம்மில் உண்டா? அவர்களுக்குக் குழு எப்படித் துணை நிற்கலாம்?

4. பணமாகக் கொடுக்காமல் வேறு வழியில் உதவி, ஒரு குடும்பம் தேறி வந்த அனுபவம் யாருக்காவது உண்டா? சொல்லுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். போடாதே என்று சொல்லவில்லை. அளந்து கொடுக்கும் கை வற்றாது. அடுத்த முறை நிஜமான கஷ்டத்தோடு ஒருவர் வரும்போது, கொடுக்க அந்தக் கையில் ஏதாவது இருக்கும்.