ஹம்மஸ் – ஒரு சொல்லாய்வு

மொழிகளுக்கிடையே கொடுக்கல் வாங்கல் இயல்பானது. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் சொல், ஒலியில் மட்டுமன்றிப் பொருளிலும் மாறுகிறது. இம்மாற்றத்தைக் கருதாமல் மூலப்பொருளையே பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்போர் இடறுவர். இவ்வுண்மையை, இன்று ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள 'ஹம்மஸ்' என்னும் சொல்லின் வழியே காண்போம்.

சொல்லும் பொருளும்

வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையுடன் எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து மைபோல் அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ரொட்டியால் தொட்டு உண்பதே ஹம்மஸ். லெபனான், சிரியா, பாலஸ்தீனம் முதலிய நாடுகளில் இது அன்றாட உணவு.

அரபு மொழியில் 'ஹும்முஸ்' என்பதன் அடிப்படைப் பொருள் கொண்டைக்கடலை என்பதே. உணவின் முழுப்பெயர் 'ஹும்முஸ் பி தஹீனா'. அதாவது, 'எள் விழுது சேர்த்த கொண்டைக்கடலை'. 'தஹீனா' அரைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். பேச்சுவழக்கில் முழுப்பெயர் சுருங்கி, கடலையின் பெயரே உணவுக்கும் ஆயிற்று.

ஆங்கிலம் இச்சொல்லை இருபதாம் நூற்றாண்டில் பெற்றது. கடலையைக் குறிக்க 'சிக்பீ' என்ற சொல் அதனிடம் முன்பே இருந்தமையால், உணவின் பெயராக மட்டும் ஹம்மஸை ஏற்றுக்கொண்டது. எனவே, வளைகுடா நாட்டுக் கடையில் ஒரு மூட்டையின்மீது 'ஹும்முஸ்' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது கடலை. இலண்டன் கடையில் ஒரு டப்பாவின்மீது அதே பெயர் இருந்தால் உள்ளே இருப்பது விழுது. ('சிக்பீ' என்பதிலுள்ள 'சிக்' கோழிக்குஞ்சு அன்று, 'கிக்கர்' என்னும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியே திரிந்து வந்தது.)

வழக்கில் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலத்தில் இச்சொல் பொதுவாக எண்ணப்படாப் பெயராக வரும். 'கொஞ்சம் ஹம்மஸ்', 'ஒரு கிண்ணம் ஹம்மஸ்' என்பது போலச் சொல்வதே இயல்பு. எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இல்லை. இங்கிலாந்தில் 'ஊ' ஒலி தோன்ற எழுதும் வழக்கமும் உண்டு. இதைவிட முக்கியமானது, 'ம்' ஒற்றை எழுத்தாக வரும் 'ஹியூமஸ்' வேறு சொல் என்பது. அது இலத்தீனிலிருந்து வந்து, மண்ணிலுள்ள மட்கைக் குறிப்பது. ஓர் எழுத்துக் குறைந்தால் உணவு மண்ணாகிவிடும்!

தமிழில் இத்தகைய மாற்றம்

ஆகுபெயர் பயின்ற நமக்கு இது வியப்பன்று. நீர் சுண்டும்படி வேகவைக்கும் தொழிலின் பெயரான 'சுண்டல்' உணவுக்கு ஆனது தொழிலாகுபெயர். அது மேலும் ஒரு படி சென்று, மளிகைக் கடையில் 'அரைக் கிலோ சுண்டல் கொடுங்கள்' என்னும்போது வேகாத கடலையையே குறிக்கிறது. அரபுச் சொல் கடலையிலிருந்து உணவுக்குச் சென்றது. நம் சொல் உணவிலிருந்து கடலைக்குத் திரும்பியது.

'கடலை' என்ற சொல்லையும் நோக்குக. கடலை மாவு, கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை என்பவற்றில் அது கொண்டைக்கடலை இனம். கடலை எண்ணெய், கடலை மிட்டாய் என்பவற்றிலோ தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நிலக்கடலை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கொண்டைக்கடலை இனிப்பு என்று ஒருவர் மொழிபெயர்த்தால், அகராதி அவர் பக்கம் நிற்கலாம், வழக்கு நில்லாது.

நம் ஊரின் அடையாளமான 'பனியன்' என்பதும் இவ்வாறு பயணம் செய்த சொல்லே. வணிகரைக் குறிக்கும் குசராத்திச் சொல் போர்த்துகீசியர் வாயிலாக ஆங்கிலம் புகுந்தது. அங்கே தளர்ந்த மேலங்கி ஒன்றுக்கும் பெயராகி, பின்னர் இந்தியாவில் உள்ளாடையைக் குறித்தது. இன்று ஏற்றுமதிக்கு டி-சர்ட் தைக்கும் இடத்தையும் 'பனியன் கம்பெனி' என்றே சொல்கிறோம்.

சொல்லுக்கு உரியவர் யார்?

பொருள் மாற்றம் ஏட்டளவில் நிற்பதில்லை. ஹம்மஸ் என்ற பெயர் தம் நாட்டுக்கே உரியதென லெபனான் தொழிலதிபர்கள் 2008-இல் குரல் எழுப்பினர். இஸ்ரேலுடன் நடந்த போட்டியில், 2010 மே மாதம் லெபனான் சமையலர்கள் 10,452 கிலோ ஹம்மஸ் செய்து உலகச் சாதனை படைத்தனர். அந்நாட்டின் பரப்பும் 10,452 சதுர கிலோமீட்டர்!

அமெரிக்காவிலோ, வேறு பயறுகளை அரைத்த விழுதுகளும் ஹம்மஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. 2014-இல் சாப்ரா நிறுவனம், கொண்டைக்கடலை முதன்மையாகவும் எள் விழுது குறைந்தது 5 விழுக்காடும் இருந்தால்தான் அப்பெயரைப் பயன்படுத்தலாம் என வரையறுக்குமாறு அரசின் உணவு மருந்து நிர்வாகத்திடம் மனுச் செய்தது. கடலை உணவாகச் சுருங்கிய சொல், உணவிலிருந்து எவ்வகை விழுதுக்கும் விரியத் தொடங்கியதே இம்மனுவுக்குக் காரணம்.

முடிவுரை

ஆகவே, கடன்சொல் ஒன்றைச் சந்திக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. பிறந்த மொழியில் அதன் பொருள் யாது? புகுந்த மொழியில் யாது? இவ்வாக்கியத்தில் யாது? முதல் வினா வரலாற்றைத் தரும்; இரண்டாவது வழக்கைத் தரும்; மூன்றாவதே மொழிபெயர்ப்பைத் தரும். ஹம்மஸை 'கொண்டைக்கடலைத் துவையல்' என்றால் மிளகாயும் புளியும் நம் நினைவில் வந்து கலக்கும். பெயரை அப்படியே எழுதி, முதலிடத்தில் ஒரு வரி விளக்கம் தருவதே தக்கது. அயல்நாட்டுக் கடிதங்களோடும் ஆர்டர்களோடும் வாழும் இவ்வூரில், நாளை அலுவலகங்களில் அமரவிருக்கும் மாணவர்க்கு இப்பழக்கம் தேர்வுக்குப் பின்னும் பயன்படும்.