நாய்க்கடுகுக்கு ஒரு முகவரி



அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வளரும் லெபிடியம் பிரிமாண்டி என்ற கடுகினச் செடியின் ஹெர்பேரிய (உலர்செடிக் காப்பக) பதிவுகளைப் பார்த்துவிட்டு, நம் ஒரகடம் பக்கம் இதுபோல் என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலேயே கிடைக்கும்: நாய்க்கடுகு. தாவரவியலில் கிளியோம் விஸ்கோசா. கடுகுக் குடும்பத்துக்குப் பங்காளிக் குடும்பம். மஞ்சள் பூவில் நாலு இதழ், நிமிர்ந்து நிற்கும் ஒல்லிக் காய், தொட்டால் விரலெல்லாம் பிசுபிசுப்பு.

ஹெர்பேரியத்துக்காக உலர்த்தும்போது அந்தப் பிசின்தான் தொல்லை. செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினால் இலை தாளோடு ஒட்டிக்கொள்ளும்; அவசரமாகப் பிரித்தால் கிழியும். தாளைத் தினமும் மாற்றுங்கள். வேர், பூ, காய் மூன்றும் இருக்கட்டும். உதிரும் விதையைச் சின்னக் காகித உறையில் போட்டு வையுங்கள்.

ஆனால் செடியைவிட, அதை ஒட்டிவைக்கும் அட்டையின் மூலையில் ஒட்டும் விவரச் சீட்டுக்குத்தான் மெனக்கெட வேண்டும். உங்கள் பகுதிச் செடிகளுக்குப் பழைய சீட்டுகளில் ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்றிருக்கும். 1997-ல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019-ல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானபோது ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்டன. மாவட்டப் பெயரை மட்டும் நம்பித் தேடுகிறவர் வேறெங்கோ போய் நிற்பார்.

கம்பெனிப் பெயரை எழுதினால் போதாதா என்பீர்கள். 2010-ல் ஒருவர் ‘நோக்கியா கேட் எதிரில்’ என்று எழுதியிருந்தால்? 2014 நவம்பரோடு அங்கே உற்பத்தியே நின்றுபோனது. கிராமத்தின் பெயர், ஏரிக்கு எந்தத் திசை, சிங்கப்பெருமாள் கோயில் சாலையிலிருந்து எவ்வளவு தூரம், போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வேண்டும். தேதியும் பூவின் நிறமும் அவசியம். காய்ந்தால் மஞ்சள் மங்கிவிடும். கொட்டிய மண்ணில் முளைத்ததா, பழைய தரையிலா என்பதையும் குறியுங்கள். டிப்பர் லாரியில் வந்த விதையா என்று பின்னால் யோசிப்பவருக்கு அந்த ஒரு வரிதான் துப்பு. மலையேறிச் சேகரிப்பவர்கள் சாலையோரக் களையைக் குனிந்து பார்ப்பது குறைவு என்பது என் பழைய புகார்.

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-ல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம் உண்டு. உங்கள் செடியை ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று செடிகளாக எடுங்கள். ஐப்பசி மழையில் தாள் லேசில் காயாது; ஒன்றில் பூஞ்சணம் பிடித்தாலும் இன்னொன்று தேறும்.