சூட்டைத் தாங்குவது சாதனையல்ல

பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் உலக சவுனா சாம்பியன்ஷிப் என்றொரு போட்டி நடந்துவந்தது. 110 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய மர அறைக்குள் போட்டியாளர்கள் உட்கார வேண்டும். அடுப்பின் மேலிருக்கும் கற்களில் 30 விநாடிக்கு ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் விழும். கடைசிவரை தாக்குப்பிடித்து, பிறர் உதவியின்றி நடந்து வெளியே வருபவருக்கே வெற்றி. 2010 ஆகஸ்ட் 7 அன்று நடந்த இறுதிச் சுற்றில் எஞ்சியிருந்த இருவரையும் ஆறாவது நிமிடத்தில் வெளியே இழுத்துவர வேண்டியதாயிற்று. ரஷ்யப் போட்டியாளர் இறந்துபோனார். பின்லாந்தின் முன்னாள் சாம்பியன் கடுமையான தீக்காயங்களோடு நெடுநாள் சிகிச்சையில் இருந்தார். இறந்தவர் வீரியமான வலிநிவாரணி எடுத்துக்கொண்டதும், தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பூசியிருந்ததும் பிறகு தெரியவந்தது. “எழுந்து போ” என்று உடம்பு சொன்னது அவருக்குக் கேட்கவேயில்லை. அந்த ஆண்டோடு போட்டி நின்றது.

போட்டி நின்றாலும், சூட்டைத் தாங்குவதே சாதனை என்ற அதன் பின்னாலிருந்த எண்ணம் போகவில்லை. சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று எங்கே போனாலும் பெரிய ஓட்டல்களில் ஜிம்முக்கும் நீச்சல்குளத்துக்கும் பக்கத்தில் ஒரு சவுனா அறை இருக்கிறது. வாடகையில் சேர்ந்ததுதானே என்று ஆசையோடு போகிறவர்களில் பலருக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே வாராவாரம் சவுனாவில் உட்கார்ந்து வளர்ந்த பின்லாந்துக்காரர் வேறு. இரவு விமானத்தில் தூக்கமில்லாமல், தண்ணீர் சரியாகக் குடிக்காமல், மறுநாள் மீட்டிங் கவலையோடு தனியாக வந்து உட்காரும் ஓட்டல் விருந்தினர் வேறு. சவுனாவைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் இந்த இரண்டாமவரைத்தான் அதிகம் பாதிக்கின்றன.

நம்பிக்கை: எவ்வளவு நேரம் தாங்குகிறோமோ அவ்வளவு பலன்.

சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அந்த நாட்டின் சவுனாப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மானுடத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே வழக்கம் என்னவென்றால், ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை உட்காருவார்கள். போதும் என்று தோன்றியதும் வெளியே வந்து காற்று வாங்குவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், விருப்பமிருந்தால் மறுபடி உள்ளே போவார்கள். இவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன் என்று யாரும் கணக்குச் சொல்லிக்கொள்வதில்லை.

80, 90 டிகிரிச் சூட்டில் மனிதன் எப்படி வேகாமல் இருக்கிறான் என்ற கேள்வி நியாயமானது. சவுனாவின் காற்று மிக வறண்டது. ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான். அதனால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கிறது. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது ஒரு நொடி ஆவி பட்டாலே கை சுடுகிறது. சவுனாவிலோ அதற்குச் சற்றே குறைந்த வெப்பநிலையில் பத்து நிமிடம் உட்கார முடிகிறது. காற்றில் நீராவி குறைவு என்பதுதான் வித்தியாசம். ஆனாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. தோலின் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும். சிலருக்கு 150 வரைகூடப் போகும். ரத்தம் தோலை நோக்கிப் பாயும். உட்கார்ந்த இடத்திலேயே இதயம் வேகநடை போட்ட அளவுக்கு உழைக்கிறது.

முதல்முறை போகிறவர் கீழ்ப் படியில், ஐந்து நிமிடத்தில் தொடங்குவது நல்லது. சூடான காற்று மேலே ஏறுவதால் மேல் படிக்கும் கீழ்ப் படிக்கும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு உண்டு. தலைசுற்றல், குமட்டல், படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த நொடியே வெளியேறத் தொடங்க வேண்டும். வெளியேறுவதிலும் ஒரு பக்குவம் தேவை. மேல் படியில் கால் நீட்டிப் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால், தோலில் தேங்கிய ரத்தம் தலைக்குப் போய்ச் சேருமுன் கண் இருட்டிவிடும். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கொதிக்கும் அடுப்பு, வெளியே ஈர டைல்ஸ் தரை. எனவே எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ஓரிரு நிமிடம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். சவுனாவில் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

நம்பிக்கை: வியர்வையோடு உடம்பின் நச்சும் கொழுப்பும் போய்விடும்.

விளம்பரங்கள் இதைச் சொல்லிச் சொல்லியே நம்பவைத்துவிட்டன. வியர்வை பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. உடம்பின் கழிவைப் பிரித்து வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. வியர்வையில் சில உலோகங்கள் துளியிலும் துளியாக வெளியேறுவது உண்மைதான், ஆனால் அதை உடம்பைச் சுத்திகரிப்பது என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை சவுனாவில் அரைக் கிலோ எடை குறைவது சாதாரணம். அது முழுக்கத் தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். எடைக் கருவியில் குறைந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்தான் மயங்கி விழுகிறார். ஜிம்மில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, மூச்சு வாங்க நேரே சவுனாவுக்குள் நுழைபவருக்கும் அதே ஆபத்து உண்டு. பத்து நிமிடம் ஆறவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் ஒரு குறையும் வராது.

நம்பிக்கை: மின்சார அடுப்பின் கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும்.

தண்ணீர் ஊற்றுவதற்கென்றே செய்த மின் அடுப்புகள் பின்லாந்தில் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கின்றன. கல்லில் நீர் பட்டதும் எழும் ஆவிதான் அவர்களுக்குச் சவுனாவின் உயிர், லோயுலு என்பார்கள். நீண்ட கைப்பிடிக் கரண்டியால் மரவாளியிலிருந்து கொஞ்சம் மொண்டு கற்களின் மேல் மெல்லத் தெளித்தால் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை எழும். ஓரிரு நொடிக்குப் பிறகுதான் சூடு வந்து சேரும். முதலில் காது மடலிலும் மூக்கு நுனியிலும் படும், பிறகு தோளில் இறங்கும். அளவாக ஊற்றினால் அது இதமாக இருக்கும். ஒரே மூச்சில் வாளியைக் கவிழ்த்தால் மேல் படியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுட்டுவிடும், கற்களும் குளிர்ந்துபோகும்.

ஆனால் எல்லா ஓட்டல் அடுப்பும் அப்படி அமைந்ததல்ல. “தண்ணீர் ஊற்றாதீர்கள்” என்று பலகை இருந்தால் ஊற்றக்கூடாது. வாளியும் கரண்டியும் வைத்திருந்தால் ஊற்றலாம். சந்தேகமென்றால் ஊழியரைக் கேட்க வேண்டும். நீச்சல்குளத்துத் தண்ணீரை மொண்டுவந்து ஊற்றுவது அறவே கூடாது, அதிலுள்ள குளோரின் அடுப்பை அரிக்கும், மூச்சையும் உறுத்தும். தைலத்தை நேராகக் கல்லில் விடுவதும் ஆபத்து. சுத்தமான தைலம் குப்பென்று தீப்பிடிக்கும். நல்ல மணம் வரட்டுமே என்று யூகலிப்டஸ் தைலப் புட்டியோடு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஈர நீச்சலுடையையும் துண்டையும் அடுப்புக்கு மேலே காயப்போடுவது இன்னும் மோசம். சவுனாவில் துணி காயவைக்க வேண்டாம் என்று பின்லாந்துத் தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறார்கள்.

அறையில் வேறு ஒருவர் இருந்தால், ஊற்றும் முன் “ஊற்றலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை. ஓட்டல் சவுனாவில் சண்டை வருவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததே. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசுவது மீதிப் பாதி.

நம்பிக்கை: ஒரு பெக் போட்டுவிட்டுப் போனால் சுகமாக இருக்கும்.

இந்தப் பட்டியலில் உயிரை அதிகம் வாங்குவது இதுவே. சவுனாவில் நேர்ந்த மரணங்களைப் பற்றிப் பின்லாந்துத் தடயவியல் மருத்துவர்கள் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாடெங்கும் சவுனா இருந்தும் அத்தகைய மரணம் ஆண்டுக்கு லட்சம் பேரில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மது அருந்தியிருந்தார்கள். காரணம் புரிவதற்குக் கடினமானதல்ல. சூடும் மதுவும் இரண்டுமே ரத்தக் குழாய்களை விரிக்கின்றன, ரத்த அழுத்தத்தைக் கீழே இழுக்கின்றன, நீரை வெளியேற்றுகின்றன. அத்தோடு, எழுந்து போக வேண்டும் என்ற உணர்வையும் மது மழுங்கடிக்கிறது. போதையில் சவுனாவில் தூங்கிப்போனவர் தானாக விழிக்காமலே போகலாம். கல்யாண வரவேற்போ அலுவலக விருந்தோ முடிந்த கையோடு நண்பர்கள் கூட்டமாக ஓட்டல் சவுனாவுக்குக் கிளம்பினால், தடுக்க ஒருவராவது இருக்க வேண்டும்.

நம்பிக்கை: இதய நோயாளிக்கு ஆகவே ஆகாது, மற்றவருக்கு ஒன்றுமே செய்யாது.

இதன் இரண்டு பாதியும் தவறு. கிழக்குப் பின்லாந்தில் 42 முதல் 60 வயது வரையிலான 2,315 ஆண்களைச் சுமார் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை சவுனா எடுத்தவர்களைவிட, நான்கு முதல் ஏழுமுறை எடுத்தவர்களிடையே திடீர் இதய மரணம் கணிசமாகக் குறைந்திருந்தது. நல்ல சேதிதான். ஆனால் சவுனாதான் அவர்களைக் காப்பாற்றியது என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்களே அடிக்கடி போகவும் செய்வார்கள். ஆயுள் முழுக்கப் பழகியவர்களின் கணக்கை, விடுமுறைக்கு ஒருமுறை போகிறவர் தனக்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. இதய நோய் கட்டுக்குள் இருப்பவர்களில் பலருக்குச் சவுனா பாதுகாப்பானது என்றே மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அண்மையில் மாரடைப்பு வந்தவர், ஓய்விலிருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், இதய வால்வு மோசமாகச் சுருங்கியவர் ஆகியோர் தவிர்க்க வேண்டும்.

‘மற்றவர்’ என்பதிலும் பலர் அடங்குவார்கள். ரத்த அழுத்த மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தம் சட்டென்று இறங்கலாம். வலிக்காகத் தோலில் மருந்துப் பட்டை ஒட்டியிருப்பவர் உள்ளே போகவே கூடாது. ஃபென்டனில் போன்ற பட்டையிலிருந்து சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் ஏறி மூச்சையே நிறுத்தக்கூடும். கர்ப்பிணிகள் விஷயத்தில் நாட்டுக்கு நாடு பழக்கம் வேறு. ஒருகாலத்தில் பின்லாந்துப் பெண்கள் சவுனாவிலேயே பிள்ளை பெற்றார்கள். ஆனாலும் முதல் மூன்று மாதத்தில் தாயின் உடம்பு மிகையாகச் சூடாவது கருவின் தண்டுவட வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால், பழக்கமில்லாதவர் தவிர்ப்பதே சரி. குழந்தைக்காக முயலும் ஆண்களுக்கும் ஒரு தகவல்: இத்தாலியில் பத்துப் பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், வாரம் இருமுறை வீதம் மூன்று மாதம் சவுனா எடுத்தபோது விந்தணு எண்ணிக்கை குறைந்தது, நிறுத்திய ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வந்தது.

நம்பிக்கை: சவுனா என்றால் நிர்வாணம்தான்.

ஊரைப் பொறுத்தது. ஜெர்மனியில் ஆணும் பெண்ணும் ஒரே சவுனாவில் ஆடையின்றி உட்காருவது வழக்கம். நீச்சலுடையோடு போனால் வெளியே போகச் சொல்வார்கள். பின்லாந்தின் பொது நீச்சல் கூடங்களில் ஆண், பெண் சவுனாக்கள் தனித்தனி. அங்கும் நீச்சலுடை கூடாது, அதில் ஊறிய குளோரின் சூட்டில் ஆவியாகும் என்பதே காரணம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுவாக நீச்சலுடை வேண்டும். இந்திய ஓட்டல்களிலும் அப்படியே, அல்லது இடுப்பில் துண்டு. வெட்கப்படாமல் வரவேற்பு மேசையில் கேட்டுவிடலாம், அவர்களுக்கு இது தினசரிக் கேள்வி.

எந்த நாட்டிலும் மாறாத விதி வேறு இருக்கிறது. போகுமுன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். பலகையில் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும். ஜெர்மானியர் இதில் மிகக் கறார். பாதம் வைக்கும் இடத்துக்கும் துண்டு வேண்டும் என்பார்கள், ஒரு சொட்டு வியர்வையும் மரத்தில் படக்கூடாது. அடுத்து வந்து உட்காரப்போகிறவரை நினைத்துச் செய்யும் காரியம் அது. மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், உலோகம் சூடேறித் தோலைச் சுடும். கான்டாக்ட் லென்ஸும் உலர்ந்து கண்ணை உறுத்தும். கைபேசிக்கு உள்ளே வேலையில்லை. அதன் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது என்பது சின்னக் காரணம். அரைகுறை ஆடையில் பிறர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேமரா நுழையக்கூடாது என்பது பெரிய காரணம்.

வெளியே வந்ததும் பனிக்கட்டி நீரில் குதித்தால்தான் முழுப்பலன் என்பதும் வெறும் நம்பிக்கையே. ஏரியில் குதிக்கும் பின்லாந்துக்காரருக்கு அது பழக்கம். புதியவரின் இதயத்துக்கு அது திடீர் அதிர்ச்சி. வெதுவெதுப்பான ஷவரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்தாலே உடம்பு நன்றாக ஆறிவிடும்.

கடைசியாக, உள்ளே உட்காருமுன் அரை நிமிடம் செலவிட்டு அறையை ஒரு பார்வை பார்க்க வேண்டும். சவுனாக் கதவு வெளிப்பக்கமாக, தள்ளினாலே திறக்க வேண்டும். பூட்டோ தாழ்ப்பாளோ இருக்கக்கூடாது. ஒருமுறை உள்ளிருந்து தள்ளிப் பார்த்துவிடலாம். அடுப்பைச் சுற்றி மரத்தடுப்பு இருக்கிறதா, அழைப்பு மணி இருந்தால் அது எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியாகத் தங்கியிருப்பவர், சவுனாவுக்குப் போகிறேன் என்று ஓட்டல் ஊழியர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. கதவு இறுகிக்கொண்டாலோ, கைப்பிடி ஆடினாலோ, அன்றைக்கு உள்ளே போகாமல் நேரே வரவேற்பு மேசையில் புகார் சொல்லிவிட வேண்டும்.