பீட்ரூட்டுக்கு ஆனது செம்பருத்திக்கு ஆகாது

கேள்வி: வீட்டிலேயே பீட்ரூட் மால்ட்டும் செம்பருத்தி சர்பத்தும் செய்து விற்கிறேன். செயற்கை நிறம் சேர்ப்பதில்லை. மால்ட்டைக் கிளறி இறக்குவதற்குள் சிவப்பு போய்ச் செங்கல் நிறமாகிவிடுகிறது. சர்பத் பாட்டிலில் அடைக்கும்போது பளிச்சென்றுதான் இருக்கிறது. கடைக்குப் போன சில வாரங்களில் வெளிறிப் பழுப்பாகிறது. வைட்டமின் சி பொடி போட்டால் நிறம் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். இரண்டிலும் போட்டேன். மால்ட் கொஞ்சம் தேறியது, சர்பத் முன்பைவிடச் சீக்கிரம் வெளிறியது. பொடி மட்டமானதா? அதற்குப் பதில் எலுமிச்சை பிழியலாமா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: பொடி நல்ல பொடிதான். இரண்டும் கண்ணுக்குச் சிவப்பு, ஆனால் உள்ளே இருக்கும் நிறமிகள் வேறு வேறு. பீட்ரூட்டில் இருப்பது பீட்டாலைன் வகை. அதன் சிவப்புக்கு முக்கியக் காரணம் பீட்டானின். செம்பருத்தியில் இருப்பது அந்தோசயனின் வகை. ஒன்றைக் காப்பாற்றுவது இன்னொன்றைக் கெடுக்கும். ‘இயற்கை நிறத்தை நிலைநிறுத்த என்ன சேர்க்கலாம்?’ என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது; எந்த நிறமி என்று முதலில் தெரிய வேண்டும்.

மால்ட்டை எடுத்துக்கொள்வோம். சூடான சாற்றில் பீட்டானின் மூலக்கூறு தண்ணீரோடு வினைபுரிந்து இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு மஞ்சள், மற்றது நிறமற்றது. 50 டிகிரியைத் தாண்டும்போதே இந்த உடைவு தெரிய ஆரம்பிக்கும். கொதிநிலையில் நிமிடத்துக்கு நிமிடம் சிவப்பு குறையும். காற்றும் வெளிச்சமும் இரும்பு, செம்பு போன்ற உலோகங்களும் அதைத் துரிதப்படுத்தும். இப்போது உங்கள் செய்முறையைப் பாருங்கள். சாற்றையும் சர்க்கரையையும் ஒன்றாக ஊற்றி, அகலமான வாணலியில், நீர் முழுக்க வற்றிச் சர்க்கரை பூத்து வரும்வரை கிளறுகிறீர்கள். கடைசிக் கட்டத்தில் வாணலியின் சூடு 100 டிகிரிக்கு மேல் போய்விடும். அது இரும்பு வாணலியாகவும் இருந்துவிட்டால், நிறத்தைக் கெடுக்க வேறு எதுவும் வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் வைட்டமின் சி ஓரளவு உதவியதற்குக் காரணம், அது காற்றின் ஆக்சிஜனைத் தானே வாங்கிக்கொள்வதுதான். நீரால் வரும் உடைவை அது தடுக்காது.

என் யோசனை, சாற்றைக் காய்ச்சுவதையே விட்டுவிடுங்கள். பீட்ரூட்டை மெல்லிய வில்லைகளாகச் சீவி, சில நிமிடம் மட்டும் ஆவியில் வையுங்கள். நறுக்கிய காயில் நிறத்தைத் தின்னும் நொதிகள் உண்டு. ஆவி அவற்றை அடக்கிவிடும். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் நிறம் தண்ணீரோடு போய்விடும், அதனால் ஆவிதான் சரி. பிறகு 50 முதல் 60 டிகிரிக்குள் டிரையரில் மொறுமொறுவென்று காயவைத்து அரையுங்கள். சோலார் டிரையர் என்றால் மேலே கறுப்புத் துணி போர்த்துங்கள். ஈரம் இல்லாத பொடியில் உடைவுக்கு வேண்டிய தண்ணீரே இல்லை, நிறம் நிற்கும். சர்க்கரையை எவர்சில்வர் பாத்திரத்தில் தனியாகப் பாகு வைத்து, அது பூத்து, அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகு இந்தப் பொடியைத் தூவிக் கிளறுங்கள். ஈரம் புகாத டப்பாவில் அடையுங்கள். நாட்டுச் சர்க்கரைதான் போடுவேன் என்றால் போடுங்கள், அதற்கும் வாங்குபவர்கள் உண்டு; ஆனால் அதன் பழுப்பு பீட்ரூட்டின் சிவப்பை மூழ்கடித்துவிடும். இரண்டும் ஒரே டப்பாவில் கிடைக்காது.

இன்னொன்று. பீட்ரூட் சாறாகவே ஏதாவது செய்தால், அடுப்பிலிருந்து இறக்கிய உடனே நிறத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். உடைந்த இரு துண்டுகளில் ஒரு பகுதி, லேசான புளிப்பில், மூடிய பாத்திரத்தில், குளிரில் வைத்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்த சாறு முந்தின நாள் சாயங்காலத்தைவிடச் சிவப்பாக இருப்பது இதனால்தான். ஆனால் பீட்ரூட் சாற்றைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்து விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: அதன் இயல்பான பி.எச். 6-க்குப் பக்கம். நிறத்துக்கு 5-ஐ ஒட்டிய பி.எச். நல்லது என்றாலும், 4.6-க்கு மேலே இருக்கும் மூடிய பாட்டிலில் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. சிட்ரிக் அமிலம் சேர்த்து அதற்கு நன்றாகக் கீழே கொண்டுவந்தே ஆக வேண்டும். நிறம் கொஞ்சம் போனால் போகட்டும்.

இனி சர்பத். அந்தோசயனினுக்குப் புளிப்புதான் உயிர். பி.எச். 3 அளவிலோ அதற்குக் கீழோ அது சிவப்பாக, ஓரளவு உறுதியாக இருக்கும். 4, 5 என்று ஏறினால் வெளிறும். 7-ஐ நெருங்கினால் ஊதா, நீலம் என்று மாறி விரைவில் சிதையும். உங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், காரத்தன்மை உள்ளது. அதைக் கொதிக்கவைத்து இதழ்கள் மேல் ஊற்றினால், நீங்கள் புளிப்பு சேர்ப்பதற்கு முன்பே பாதி நிறம் அடிவாங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து, சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் வரை முதலிலேயே கரைத்து, பி.எச். தாளில் 3-க்கு வந்ததா என்று பார்த்து, பிறகு காம்பும் மகரந்தத் தண்டும் நீக்கிய இதழ்களைப் போடுங்கள். கொதிக்க வேண்டியதில்லை, 70 டிகிரியில் ஊறினாலே நிறம் இறங்கிவிடும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். செம்பருத்தியின் நிறமி அலுமினியத்தோடும் இரும்போடும் சேர்ந்து ஊதா பாயும்.

எலுமிச்சை பற்றிக் கேட்டீர்கள். உடனே குடிக்கும் சர்பத்துக்கு எலுமிச்சைக்கு ஈடு இல்லை. பாட்டிலில் மாதக்கணக்கில் நிற்க வேண்டியதற்கு அது சரிவராது, ஏனென்றால் அதிலும் வைட்டமின் சி இருக்கிறது. வைட்டமின் சி பாட்டிலில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது அந்தோசயனினை வெளுக்கவைக்கும். உங்கள் சர்பத்துக்கு நடந்தது இதுவே. பாதுகாப்புப் பொருளாக சோடியம் பென்சோயேட் போடுபவராக இருந்தால் வைட்டமின் சி-யைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: இரண்டும் சேர்ந்தால் மிகச் சிறிய அளவில் பென்சீன் உருவாகலாம். ஸ்குவாஷ் பயிற்சிகளில் சொல்லித்தரும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டையும் இங்கே தொடாதீர்கள். எலுமிச்சை ஸ்குவாஷுக்கு அது சரி. சிவப்புப் பானங்களை அது வெளுத்துவிடும். நிறமுள்ள பானங்களுக்குப் பென்சோயேட்டை, அனுமதித்த அளவுக்குள், பயன்படுத்துவதுதான் தொழிலில் பழைய வழக்கம்.

சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சி, 80 டிகிரிக்கு இறங்கியதும் சாற்றைக் கலக்குங்கள். புளிப்போடு சேர்த்துச் சர்க்கரையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் உண்டாகும் ஃபர்ஃபியூரல் வகைப் பொருட்கள் நிறமியைத் தாக்கும். சூட்டோடு கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி, வெதுவெதுப்பான நீரில் தொடங்கிப் படிப்படியாகக் குளிரவையுங்கள். சூடான கண்ணாடியைக் குளிர்நீரில் போட்டால் விரிசல் விடும். பன்னீர் ரோஜா இதழும் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாம். ரோஜாவின் பாலிபீனால்கள் அந்தோசயனினோடு ஒட்டி நின்று அதைக் காக்கும். ஸ்ட்ராபெரி பானங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். செம்பருத்திக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதை நீங்கள்தான் சின்ன அளவில் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் சித்திரை வெயிலில் கடை அலமாரி உங்களைத் தோற்கடிக்கலாம். சூடு 10 டிகிரி கூடினால் நிறம் போகும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஒவ்வொரு ஈட்டிலும் சில பாட்டில்களை எடுத்து, சிலவற்றை ஃபிரிட்ஜிலும், சிலவற்றைக் கடை அலமாரியிலும், ஒன்றை வெயில் படும் ஜன்னலிலும் வையுங்கள். வாரம் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். லேபிளில் போடும் கடைசித் தேதியை முடிவுசெய்யும்போது, கிருமிச் சோதனை முடிவோடு அலமாரிப் பாட்டிலின் நிறத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் பாட்டிலை வைத்துத் தேதி போட வேண்டாம்.